தடுப்பூசி போட்ட அன்றிரவு

மைசூரு அரண்மனைப் பெண்கள் மூவரை அயர்லாந்து ஓவியர் தாமஸ் ஹிக்கி 1805ஆம் ஆண்டு வாக்கில் தீட்டினார். அவர்களுள் ஒருவர் சேலைத் தலைப்பைச் சற்றே ஒதுக்கி மேற்கையைக் காட்டுகிறார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசி தேவஜம்மணி என்றும், காட்டுவது பெரியம்மைத் தடுப்பூசி குத்திய இடம் என்றும் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். குத்திய இடத்தில் கொப்புளம் எழுவதே ஊசி பலித்ததற்கு அடையாளம் என்று அக்காலத்தில் கொண்டனர்.

இன்றைய பெற்றோருக்கோ சிறு வீக்கமும் பெருங்கவலையாகிவிடுகிறது. எங்கள் கிளையில் பணிபுரியும் இளம் தாய்மார் பலர், ஊசி போட்ட மறுநாளைக்கும் முன்கூட்டியே விடுப்புக் கேட்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் காய்ச்சலுக்கே.

ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு மையங்களில் போடப்படும் ஐந்துநோய்த் தடுப்பூசியில் கக்குவான் கிருமி முழுமையாகவே சேர்க்கப்படுகிறது. அதனால் காய்ச்சலும் வலியும் சற்று மிகுதி. ஓரிரு நாளில் அவை அடங்கிவிடும். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே காய்ச்சல் வரக்கூடும். அதற்குள் ஊசியையே மறந்துவிட்டிருப்போம். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரங்களில் புண்ணாகித் தழும்பாகும். அதன்மேல் மஞ்சளோ களிம்போ பூச வேண்டியதில்லை. தொடை வீக்கத்தைத் தேய்க்காமல் குளிர்ந்த ஈரத்துணியை வைத்தால் போதும். பாராசிட்டமால் மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவரே சொல்ல வேண்டும். அண்டைவீட்டுக் குழந்தையின் அளவு நம் குழந்தைக்குப் பொருந்தாது.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் மையத்திலேயே இருக்கச் சொல்வது வெறும் சடங்கன்று. முகமோ உதடோ வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகிய கடும் ஒவ்வாமைக் குறிகள் பெரும்பாலும் அந்நேரத்திலேயே தோன்றும். அங்கிருந்தால் உடனே சிகிச்சை கிடைக்கும். வீடு திரும்பியபின் தோன்றினால் 108ஐ அழைப்பதில் தயக்கம் கூடாது.

வலிப்பு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்றமுடியாத அழுகை, 102 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், இரண்டு நாள் கடந்தும் தணியாத காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் இவற்றுள் எது கண்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 பாகையே போதிய காரணம். குழந்தை திடீரென வெளிறித் துவண்டு, அழைத்தால் அசையாதிருப்பது இவற்றினும் அச்சுறுத்துவது. பெரும்பாலும் அது தானே தெளிந்துவிடும். ஆயினும் தெளியட்டும் என வீட்டில் காத்திருக்கலாகாது. ரோட்டா சொட்டுமருந்துக்குப் பின் விட்டுவிட்டு வீறிட்டழுது, வாந்தியெடுத்து, மலத்தில் இரத்தம் கண்டால் குடல் செருகியிருக்கலாம். அது மிக அரிது. எனினும் நேரம் தாழ்த்தக்கூடாதது. மைசூரில் தாய்சேய் நலத்துக்கென்றே செலுவாம்பா அரசு மருத்துவமனை உண்டு.

செல்லும்போது தடுப்பூசி அட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பூட்டிவைக்கும் நம்மில் பலர் அந்த அட்டையைத் தேடித்தான் எடுக்கிறோம். கடுமையான விளைவு ஏற்பட்டிருந்தால் அதை ஆஷா பணியாளரிடமோ மையத்துச் செவிலியரிடமோ தெரிவிக்க வேண்டும். அவ்விவரம் மாவட்ட அளவில் ஆராயப்படும். அடுத்த தவணையைப் போடலாமா, மாற்றலாமா என்பதை, நிகழ்ந்ததைக் கேட்டறிந்து மருத்துவர் முடிவு செய்வார்.