ஐம்பது கிராம் எஃகின் விலை

10 எண் ஸ்பேனர் ஒன்றைத் தராசில் வைத்தால் ஐம்பது, அறுபது கிராம் காட்டும். அதிலுள்ள எஃகுக்கு மட்டும் கணக்குப் போட்டால் பத்து ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனம் விற்கும் ஒற்றை ஸ்பேனரின் விலையில், நம் ஊர் ஹார்டுவேர் கடையில் டபாரியா ஸ்பேனர் செட்டே வாங்கிவிடலாம். டீக்கும் காசு மிஞ்சும். இரண்டும் கழற்றப் போவது ஒரே போல்ட்டைத்தான். அப்படியானால் அந்தப் பணம் எதற்கு?

ஸ்பேனரின் பக்கவாட்டில் ‘குரோம் வெனேடியம்’ என்று பொறித்திருப்பார்கள். இதில் வெனேடியம் கால் சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஆனாலும் அது இல்லாமல் வேலை நடக்காது. எஃகு என்பது கண்ணுக்குத் தெரியாத படிகத் துகள்களின் கூட்டம். சூடேற்றினால் அந்தத் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். துகள் பெருத்த எஃகு எளிதில் முறியும். வெனேடியம், கரியோடு சேர்ந்து நுண்ணிய மணிகளாகித் துகள்களின் எல்லையில் உட்கார்ந்துகொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது.

‘குரோம் வெனேடியம்’ என்ற எழுத்தை மலிவான ஸ்பேனரிலும் பொறிக்கலாம். பொறிக்க முடியாதது பதம். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கிய ஸ்பேனரை, மறுபடி செந்தணலாக்கி எண்ணெயில் முக்குவார்கள். உடனே அது மிகக் கடினமாகும். கூடவே நொறுங்கும் குணமும் வந்துவிடும். பிறகு சில நூறு டிகிரி இளஞ்சூட்டில் வைத்து அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். தணிப்பு அதிகமானால் ஸ்பேனரின் வாய் விரியும், குறைந்தால் வேலையின் நடுவே முறிந்து மெக்கானிக்கின் விரல் முட்டியைப் பதம் பார்க்கும். உலைக்குள் போகும் ஆயிரமாவது ஸ்பேனரும் முதல் ஸ்பேனரின் அதே பதத்தில் வெளியே வர வேண்டும். விலையில் ஒரு பங்கு இங்கே போகிறது. மேலே மின்னும் குரோமியப் பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. துருவைத் தடுப்பதில் பெரும்பங்கு அதன் அடியில் இருக்கும் நிக்கலுக்குத்தான்.

அடுத்து, வாயின் அளவு. 10 எண் ஸ்பேனரின் வாய் சரியாக 10 மி.மீ. இருந்தால், முழு 10 மி.மீ. அகலமுள்ள போல்ட் தலை உள்ளே நுழைவதே சிரமம். சர்வதேசத் தர அளவுப்படி அது 10.04 முதல் 10.19 மி.மீ. வரை இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் ஸ்பேனர் ஒரு நெம்புகோல். வாயில் இருக்கும் இடைவெளியை அது வால் முனையில் பெருக்கிக் காட்டிவிடும். சரியாக 10 மி.மீ. அகலமுள்ள போல்ட் தலையில் 15 செ.மீ. நீள ஸ்பேனரை மாட்டி ஆட்டுங்கள். வாய் 10.04 என்றால் வால் மொத்தம் 2 மி.மீ. ஆடும். 10.19 என்றால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்! கடையிலேயே புது போல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு கம்பெனி ஸ்பேனர்களையும் மாட்டிப் பாருங்கள். மைக்ரோமீட்டர் இல்லாமலே வித்தியாசம் கைக்குத் தெரியும்.

அந்த ஆட்டம்தான் போல்ட்டின் எமன். ஆறுமுகப் போல்ட் தலையைத் திருகும்போது, இடைவெளி இருப்பதால் ஸ்பேனர் சற்றே சாய்ந்து, முகத்தில் படாமல் மூலையில் படுகிறது. முழு விசையும் ஊசிமுனை போன்ற கோட்டில் இறங்குவதால் மூலை மழுங்குகிறது. ‘நட்டு ரவுண்டாயிடுச்சு’ என்று மெக்கானிக் தலையில் கைவைப்பது இதனால்தான். 1960-களில் ஸ்னாப்-ஆன் இதற்கு ஒரு வழி கண்டது. ரிங் ஸ்பேனரின் உள்மூலைகளை லேசாக வளைத்துக் குடைந்துவிட்டார்கள். இப்போது விசை மூலையை விட்டு விலகிப் போல்ட்டின் முகத்தில் இறங்கியது. எஃகைக் கூட்டவில்லை. கொஞ்சம் எடுத்தார்கள், அவ்வளவுதான்! காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற கம்பெனிகள் இதே வடிவத்தை வேறு வேறு பெயர்களில் செய்யத் தொடங்கின. நேற்றைய மேதைமை இன்றைய மலிவு விலை ஸ்பேனரில் இலவசமாகக் கிடைக்கிறது.

சின்ன மாற்றம், பெரிய பலன் என்பதற்கு ராட்செட்டின் பின்புறம் இருக்கும் பொத்தானும் ஓர் உதாரணம். ராட்செட் என்பது, போல்ட் தலையில் பொருந்தும் ‘பாக்ஸை’ மாட்டி, எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கைப்பிடி. பொத்தானை அழுத்தினால் பாக்ஸ் கழன்று விழும். இதைக் கண்டுபிடித்தவர் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற பதின்வயதுக் கடைச் சிப்பந்தி. அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் அவருக்கு 10,000 டாலர் கொடுத்து 1965-இல் வெளியான காப்புரிமையை எடுத்துக்கொண்டது. பொத்தானின் உண்மையான மதிப்பு தெரிந்ததும் அவர் வழக்குப் போட்டார். இருபது ஆண்டு இழுத்த அந்த வழக்கு 1989-இல் 82 லட்சம் டாலரில் சமரசமானது.

ராட்செட்டின் விலையில் பல் எண்ணிக்கைக்கும் பங்குண்டு. உள்ளே ஒரு பற்சக்கரம் இருக்கும். அது பின்னோக்கிச் சுழலாமல் பிடித்துக்கொள்வது ‘தடைப்பல்’ எனப்படும் சிறு துண்டு. 36 பல் என்றால் ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் பத்து டிகிரி திருப்ப வேண்டும், 20 செ.மீ. கைப்பிடி 3.5 செ.மீ. நகர இடம் வேண்டும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். 120 நிலைகள் உள்ள ராட்செட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போதும். ஆனால் பல் சிறுத்தால் வலுவும் குறையுமே? சில கம்பெனிகள் சக்கரத்தில் 60 பல்லே வைத்து, இரண்டு தடைப்பற்களை அரைப்பல் தூரம் தள்ளிப் பொருத்தி அவற்றை மாறி மாறிப் பிடிக்கவிட்டன. என்னைக் கேட்டால், விலை கூடினாலும் வாங்க வேண்டிய ஒரே கருவி ராட்செட்தான். சுத்தியலுக்கு அதெல்லாம் தேவையில்லை.

இத்தனையும் சேர்த்தாலும் ஒரு செட்டின் விலையை விழுங்கும் அந்த ஒற்றை ஸ்பேனருக்குக் கணக்கு நேராகவில்லை. மிச்சம் ஒரு வேனில் இருக்கிறது. ஸ்னாப்-ஆன் முகவர்கள் அமெரிக்காவில் கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வாராவாரம் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வருவார்கள். உடைந்ததை மாற்றிக் கொடுப்பார்கள். புதியதைத் தவணையில் தருவார்கள். மெக்கானிக் கொடுக்கும் விலையில் வேனும் டீசலும் முகவரின் வருமானமும் அடக்கம். நாசிக்கின் டபாரியாவோ, ஜலந்தர், லூதியானா பட்டறைகளோ கடை வழியாக விற்பதால் அந்தச் செலவு நம் தலையில் ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக, ஸ்பேனர் முறிந்தால் வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டியது நாம்தான்.

அப்படியானால் எதை வாங்குவது? ஆன்லைனில் ‘நூற்றுச் சொச்சம் பீஸ்’ என்று விற்கும் பெட்டிகளின் விலையை பீஸ் கணக்கில் வகுத்துப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்த எண்ணிக்கையைத் தூக்கிவிடுவது திருப்புளி பிட்டுகள். ஜப்பானிய வழிவந்த பைக்குகளில் பெரும்பாலும் வேலைக்கு வருவது 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்து அளவுகள். முதலில் அவை ஐந்தையும் நல்லதாக வாங்கலாம். 10 எண்ணை மட்டும் இரண்டாக வாங்குங்கள். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் முதலில் காணாமல் போவது அதுதான்.