வேரைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள்

குளத்தில் பாசிபோல் படர்ந்து மிதக்கும் அசோலா, பாசியே அல்ல. அது ஒரு பெரணி. பூவும் இல்லை, விதையும் இல்லை, ஸ்போர்களால்தான் பெருகுகிறது. சின்னஞ்சிறு இலையின் மேல்மடலுக்குள் ஒரு பொந்து. அதில் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. நெல்வயலுக்கு உரமாக அசோலாவை விடுவது இந்தக் குடித்தனக்காரனுக்காகத்தான்.

நம் பக்கத்துக் குளங்களில் இயல்பாக வளர்வது அசோலா பின்னேட்டா. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் உண்டு. அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு இனமான அசோலா பிலிகுலாய்ட்ஸ் அமெரிக்கக் கண்டங்களின் செடி. 1783-இல் லாமார்க் பெயரிட்டார். பின்னேட்டாவுக்கு 1810-இல் ராபர்ட் பிரவுன் பெயர் வைத்தார். (மாட்டுத் தீவனத்துக்காகத் தொட்டியில் வளர்ப்பது பல இடங்களில் மைக்ரோபில்லா என்ற வேறொரு இனம். அதை இதில் சேர்க்க வேண்டாம்.)

சிவந்திருந்தால் ஒன்று, பச்சையாயிருந்தால் மற்றொன்று என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. கடும் வெயிலோ குளிரோ பாஸ்பரஸ் பற்றாக்குறையோ வந்தால் இரண்டுமே சிவக்கும். ஒரு செடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். பின்னேட்டாவின் வேரில் மெல்லிய கிளைகள் அடர்ந்து, இறகுபோல் தொங்கும். பிலிகுலாய்ட்ஸின் வேர் வெறும் நூல். மேலிருந்து பார்த்தால் பின்னேட்டா ஒழுங்காகக் கிளைத்து முக்கோணமாகத் தெரியும். மற்றது வளர வளர நீண்டு, நெரிசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிமிரும். நுண்ணோக்கி இருந்தால் சந்தேகமே வேண்டாம்: பெண் ஸ்போரைத் தாங்கும் மிதவைகள் பின்னேட்டாவில் ஒன்பது, பிலிகுலாய்ட்ஸில் மூன்று.

குணத்தில் பெரிய வேறுபாடு குளிரைத் தாங்குவதில். பின்னேட்டா வெப்பநாட்டுச் செடி. பிலிகுலாய்ட்ஸ் உறைபனியிலும் பிழைக்கும். அதனால்தான் குளிர்ப் பகுதி வயல்களுக்கென்று சீனா அதை 1970-களில் வரவழைத்தது. செடியின் அதே தாங்குதிறன் தென்னாப்பிரிக்காவில் தொல்லையாயிற்று. 1948-இல் முதலில் அங்கே பதிவான செடி, நாளடைவில் அணைகளிலும் ஓடைகளிலும் தடித்த பாய்போல் மூடி, கால்நடைகள் குடிக்கும் தண்ணீரைக் கெடுத்தது. 1997-இல் அதையே தின்னும், இரண்டு மில்லிமீட்டர்கூட எட்டாத ஒரு கூன்வண்டை இறக்கினார்கள். சில ஆண்டுகளில் பாய் சுருண்டது.

டம்ளரில் பார்த்து முடித்ததும் செடியை எடுத்த குளத்திலேயே விட்டுவிடுங்கள். வேறு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.