கடைசியாக வந்தவருக்கும் ஒரு பதக்கம்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்று பெண் பிள்ளைகளுக்கான நெடுந்தூர ஓட்டம். திடலை நான்கு முறை சுற்றி வரவேண்டும். முதல் மூவரும் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருக்க, தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது. பரிசு வழங்க வந்திருந்த பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்தைக் கவனிப்பது என் பொறுப்பு. நான் திடலுக்குள் போய், அவள் கையைப் பிடித்து, "போதும், வா" என்று அழைத்து வந்துவிட்டேன். அவள் அழவில்லை. ஒன்றும் பேசாமல் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவளுடைய தாயார் பள்ளி வாசலில் என்னைப் பார்த்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. "ஓட விட்டிருக்கலாமே டீச்சர்? கடைசியா வந்தாலும் ஓடி முடிச்சேன்னு வீட்டுல வந்து சொல்லியிருக்குமே புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, என்னால் அந்தச் சொல்லை மறக்க முடியவில்லை.

அதன் பிறகு, பெரிய நகரங்களில் நடக்கும் மராத்தான் ஓட்டங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கலானேன். ஆயிரக்கணக்கானோர் ஓடும் ஓட்டத்தில் முதல் பரிசு ஒருவருக்குத்தானே? மற்றவர்கள் எதற்காக ஓடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு நான் கண்ட பதிலை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திடலை நூற்றைந்து சுற்று

மராத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மைல் கணக்கில் 26 மைலுக்குச் சற்று அதிகம். 400 மீட்டர் ஓடுபாதையாக இருந்தால் அதை 105 முறைக்கு மேல் சுற்றி வரவேண்டும். நினைத்தாலே நமக்குக் கால் வலிக்கிறது அல்லவா?

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மராத்தான் 1970ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது அது ஒரு சின்ன நிகழ்ச்சி. ஓட்டம் முழுவதும் செண்ட்ரல் பார்க் என்ற பூங்காவுக்குள்ளேயே நடந்தது. கட்டணம் ஒரு டாலர். 127 பேர் ஓடத் தொடங்கினார்கள். 55 பேர்தாம் முடித்தார்கள். முதலாவதாக வந்த கேரி மர்க்கி ஒரு தீயணைப்பு வீரர். இரவு முழுவதும் பணியில் இருந்துவிட்டு வந்து ஓடியவர் அவர். அந்த 55 பேரில் 45ஆவதாக வந்தவர் பிரெட் லீபோ. அவரே அந்த ஓட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர். ருமேனியா நாட்டிலிருந்து பிழைக்க வந்து, துணி வியாபாரத்தில் இருந்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவார்.

1976இல் ஓட்டம் பூங்காவை விட்டு வெளியேறி, நகரத்தின் ஐந்து பகுதிகள் வழியாகவும் செல்லத் தொடங்கியது. 2019ஆம் ஆண்டில் ஓடி முடித்தவர்கள் மட்டும் 53,000 பேருக்கு மேல். நம் பெரிய தோட்டங்கள் பலவற்றின் மக்களையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் அத்தனை பேர் வரமாட்டார்கள்.

அங்கேயும் ஒரு பெரட்டு

நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நடைபெறும். ஓடுபவர்கள் விடியுமுன்னே எழுந்து ஸ்டேட்டன் தீவுக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே திறந்த வெளியில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருட்டில் எழுந்து பெரட்டுக்கு நின்று பழகிய நம் மக்களுக்கு இது புரியும். ஆனால் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். ஆகையால் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்து, ஓடத் தொடங்கும் நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிகள் சேகரிக்கப்பட்டு அறப்பணிக்குப் போகின்றன.

பீரங்கி முழங்கியதும் வெரசானோ என்ற மிகப் பெரிய பாலத்தின் மேல் ஓட்டம் தொடங்குகிறது. முதல் மைலே மேடு. உற்சாகத்தில் அந்த மேடு தெரியாது என்கிறார்கள் ஓடியவர்கள். அங்கே வேகத்தைக் கொட்டிவிட்டவர்கள் பிற்பாடு அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

பாலத்தைக் கடந்தால் புரூக்ளின். சாலையின் இரு மருங்கிலும் மக்கள் வெள்ளம். ஓடுபவர்கள் பலர் தங்கள் பெயரைச் சட்டையில் பெரிதாக எழுதிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஊக்கம் தருகிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் தண்ணீர் கொடுக்கவும் வழிகாட்டவும் நிற்கிறார்கள்.

ஏறக்குறைய 25ஆவது கிலோமீட்டரில் குவீன்ஸ்போரோ பாலம் வருகிறது. அதன் மேல் வேடிக்கை பார்ப்போர் கிடையாது. அதுவரை காதை அடைத்த சத்தம் சட்டென்று நின்றுபோய், மூச்சுச் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்கும். "ஏன் வந்தோம்?" என்ற கேள்வி பலருக்கு எழும் இடம் இதுதான். பாலத்தை விட்டு மன்ஹாட்டனில் இறங்கியதும் மீண்டும் மக்கள் ஆரவாரம்!

முப்பதாவது கிலோமீட்டர்ச் சுவர்

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். நாம் உண்ணும் சோறு, ரொட்டி போன்ற மாவுப்பொருளின் சக்தியை உடம்பு தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. ஓடுபவருக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். அது தீர்ந்தால் உடம்பு கொழுப்பை எரித்துத்தான் ஓடவேண்டும். அது மெதுவாக நடக்கும் வேலை. கால்கள் ஈயக் குண்டாகக் கனக்கும். தலை சுற்றும். சுவரில் மோதியது போல் இருக்கும் என்பதால் இதற்குச் "சுவர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நியூயார்க்கில் பிராங்ஸ் என்ற பகுதிக்குள் நுழையும்போது பலரும் இந்தச் சுவரைச் சந்திக்கிறார்கள். அதைத் தாண்டி, மீண்டும் மன்ஹாட்டன் வந்து, செண்ட்ரல் பார்க்கில் ஓட்டத்தை முடிக்க வேண்டும்.

வெற்றி வீரர்களையும் இந்தச் சுவர் விட்டுவைப்பதில்லை. 1978இல் கிரேட்டா வைட்ஸ் என்ற பெண்மணி இங்கே முதன்முறையாக ஓடினார். நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் பள்ளி ஆசிரியை அவர். திடலில் ஓடிப் பழகியவர். மராத்தான் தூரத்தை அதற்கு முன் ஒரு நாளும் ஓடியதில்லை. முன்னே ஓடி மற்றப் பெண்களுக்கு வேகம் கூட்டிக் கொடுப்பதற்காகவே அவரை அழைத்திருந்தார்கள். கடைசி மைல்களில் தொடைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டன. எப்படியோ முடித்தார். முதலாவதாக வந்ததோடு, 2 மணி 32 நிமிடம் 30 வினாடியில் ஓடி உலகச் சாதனையும் படைத்துவிட்டார்! ஆனால் அந்த வேதனையில், ஓடச் சொன்ன கணவர் மேல் காலணிகளைக் கழற்றி எறிந்து, இனி ஓடுவதே இல்லை என்றாராம். அப்படிச் சொன்னவர்தாம் அதே நியூயார்க் ஓட்டத்தில் மொத்தம் ஒன்பது முறை முதலாவதாக வந்தார்.

வென்றவர் காத்திருந்தார்

ஒன்பது முறை வென்றதைவிட, அந்த ஆசிரியை செய்த வேறு இரண்டு காரியங்கள்தாம் என் மனத்தைத் தொட்டன.

1990இல் பிரெட் லீபோவுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை ஓட வைத்த மனிதர், ஐந்து பகுதிகள் வழியாகச் செல்லும் அந்தப் பாதையில் தாம் ஒரு முறைகூட ஓடியதில்லை. 1992இல், தமது 60ஆவது வயதில், நோயோடு ஓடத் துணிந்தார். அவருக்குத் துணையாகப் பக்கத்திலேயே ஓடி வந்தவர் கிரேட்டா வைட்ஸ். இரண்டரை மணி நேரத்தில் முடிக்கக்கூடியவர், அன்று ஐந்தரை மணி நேரம் தம் வேகத்தை அடக்கிக்கொண்டு நண்பரோடு ஓடினார். இருவரும் கைகோத்துக் கண்ணீரோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். லீபோ 1994இல் காலமானார். அவருடைய சிலை செண்ட்ரல் பார்க்கில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஓட்டத்தின்போது, ஓடி வருவோரை வரவேற்பது போல், அதை எல்லைக்கோட்டுக்கு அருகே கொண்டுவந்து வைப்பது வழக்கமாயிற்று.

அடுத்த ஆண்டு, 1993. ஸோயி கோப்லோவிட்ஸ் என்ற பெண்மணி அந்த ஓட்டத்தில் கலந்துகொண்டார். நரம்புகளைத் தாக்கும் கொடிய நோய் உள்ளவர். இரண்டு ஊன்றுகோல்களின் உதவியோடுதான் நடப்பார். மற்றவர்கள் முடித்து, வீட்டுக்குப் போய், உறங்கியும் விட்டார்கள். அவர் இரவு முழுவதும் நகரத்துத் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் எல்லையை வந்து அடைந்தபோது, அங்கே அவருக்காகக் காத்திருந்தவர் கிரேட்டா வைட்ஸ்! பதக்கங்கள் தீர்ந்துபோனதை அறிந்ததும், அதே ஓட்டத்தில் ஓடியிருந்த தம் கணவரின் பதக்கத்தைத் தங்கியிருந்த விடுதியிலிருந்து எடுத்து வந்து, ஸோயியின் கழுத்தில் அணிவித்தார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவரும் ஓர் ஆசிரியை. நானும் ஓர் ஆசிரியை. அவர் ஒன்பது முறை முதலாவதாக வந்தவர். கடைசியாக வருபவருக்காகக் காத்திருந்தார். எனக்கோ ஒரு சிறுமியின் ஒரே ஒரு சுற்றுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பத்திரம் இல்லாத பெரியவர்

வயதாகிவிட்டது, இனி என்ன ஓட்டம் என்பவர்களுக்காக ஒருவரைச் சொல்கிறேன். பஞ்சாப் கிராமத்து விவசாயி பௌஜா சிங். குழந்தையாக இருந்தபோது கால்கள் மெலிந்து, ஐந்து வயது வரை நடக்காதவர். முதிய வயதில் மகனைப் பறிகொடுத்து, அந்தத் துக்கத்தை மறக்க இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டு, 89 வயதில் லண்டன் மராத்தானை முடித்தார். 2011இல், 100 வயதில், கனடாவின் டொராண்டோ நகரில் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடி முடித்தார். ஆனால் கின்னஸ் சாதனைப் புத்தகம் அவர் வயதை ஏற்கவில்லை. காரணம், அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை!

பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெரியவர்களை நம் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அந்த வேதனை நமக்குத் தெரியும். பத்திரம் இல்லை என்பதற்காக அவர் ஓடிய தூரம் குறைந்துவிடுமா? அதன் பிறகும் ஓடினார். 2025 ஜூலையில், தம் சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதிக் காலமானார்.

ஓட விரும்புவோருக்கு

இதைப் படித்துவிட்டு நாளைக்கே 42 கிலோமீட்டர் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களே மராத்தானுக்கு நான்கைந்து மாதம் தயார் செய்கிறார்கள். முதலில் நடை. பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. தூரத்தை வாரவாரம் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நம் நாட்டு வெயிலில் விடியற்காலையே ஏற்ற நேரம். தண்ணீர் அவசியம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓடக்கூடாது. உடம்பு நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதே அறிவுடைமை. மராத்தானில் பாதியில் நின்றவர்களை யாரும் இகழ்வதில்லை. அடுத்த ஆண்டும் அந்த ஓட்டம் இருக்கிறது.

பெற்றோர்களே!

எங்கள் பள்ளியில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நெடுந்தூர ஓட்டத்தில், முடியாமல் நிற்கும் பிள்ளையை நிழலுக்கு அழைத்து வந்துவிடுவோம். ஓட முடிகிற பிள்ளை எவ்வளவு பின்தங்கினாலும், எல்லைக்கோட்டைத் தாண்டும் வரை அடுத்த நிகழ்ச்சி தொடங்காது. இரண்டு ஆசிரியர்கள் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். முதலில் வந்த பிள்ளைகள் கைதட்டுவார்கள். இதனால் கூடுதலாவது ஐந்து நிமிடம்தான். எந்தப் பிரமுகரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

நான் கையைப் பிடித்து இழுத்து வந்த அந்த மாணவியை, மறு ஆண்டு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். "வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு நான் பட்ட கடன் ஒரு சுற்று. அது இன்னும் அடையவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு வரும்போது, உங்கள் பிள்ளை ஓடி முடித்ததும் குடையை மடக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசிப் பிள்ளை வந்து சேரும் வரை திடலோரம் நில்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி.