இறால் ஓடும் உவர் நிலமும்

நாம் உண்ணும் இறாலின் எடையில் ஏறக்குறையச் சரிபாதி, தலையும் ஓடுமாகக் கழிந்துவிடுகிறது. கொச்சியை அடுத்த அரூர் வட்டாரத்தில் இறால் உரிக்கும் கொட்டகைகள் பல உள்ளன. அங்குக் குவியும் கழிவு விரைவில் அழுகி, காற்றையும் நீரையும் கெடுக்கும். சிறிது தொலைவிலேயே, வைப்பின் முதலிய கடலோரப் பகுதிகளில், உப்பு நீர் ஏறும் பொக்காளி வயல்கள் இருக்கின்றன. அக்கழிவு இவ்வயல்களுக்கு உதவுமா?

ஓடுகளை உலர்த்தி, காற்றுப் புகாத கலத்திலிட்டு, 400 முதல் 500 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கிடைப்பது உயிர்க்கரி. சுடுமுன் நன்னீரில் பலமுறை அலசுதல் வேண்டும். இதில் சோம்பினால் ஓட்டில் ஒட்டிய கடலுப்பு கரியிலும் நின்றுவிடும். உப்பை அகற்றப் புறப்பட்டவர் உப்பையே வயலில் கொட்டியவராவார்! தழைச்சத்தில் ஒரு பகுதி சுடும்போதே ஆவியாகிவிடும். சுண்ணாம்பும் மணிச்சத்தும் தங்கும். ஆகவே இதனை முழு உரமென்று கருதுதல் பிழை.

உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொள்வதால் மண் இறுகி, நீர் இறங்காமற் போகிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைப் பெயர்த்து, அதன் இடத்தில் தான் அமரும். பெயர்ந்த சோடியத்தை மழைநீர் அடித்துச் செல்ல வடிகால் இன்றியமையாதது. வடிகாலற்ற வயலில் எவ்வளவு கரி இட்டும் பயனில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் உவர் நிலமன்று, களர் நிலம். களரில் காரத்தன்மை மிகுதி. ஓட்டுச் சுண்ணாம்பு அங்கே எளிதில் கரையாது. கரியோ தானும் காரமுடையது. கங்கைச் சமவெளியின் களர் நிலத்தில் இதனை இட்டால் நன்மைக்கு மாறாகத் தீமையே நேரலாம். அங்கு ஏற்றது ஜிப்சம். பொக்காளி மண்ணோ உவரும் புளிப்பும் கலந்தது. புளிப்பு மண் சுண்ணாம்பைக் கரைக்கும். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும்.

பொக்காளி உழவர் இக்கரியை நம்பிப் பிழைத்தவரல்லர் என்பதையும் கூறவேண்டும். கோடையில் மண்ணைக் குவியல் குவியலாகக் கூட்டிவைத்து, பருவமழையில் உப்பைக் கழுவவிட்டு, அக்குவியல்களின் மீதே விதைப்பது அவர்கள் மரபு. அறுவடைக்குப்பின் அதே வயலில் இறால் வளரும். நெற்றாளின் அழுகலை அது உண்ணும், அதன் எச்சம் அடுத்த நெல்லுக்கு எருவாகும். புதுமை பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

உவர் நிலமுடையோர் முதலில் மண்ணைப் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பிக் காரமா புளிப்பா என்று அறிதல் நலம். புளிப்பாயின், ஒரு பாத்தியில் கரியிட்டும் அடுத்ததில் இடாமலும் ஒரு போகம் பயிரிட்டுப் பார்த்தபின் மற்ற வயலுக்கு இடலாம்.