சிறு துறைமுகங்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுதல்

குத்தகை என்ற சொல்லைக் கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. காணியைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் எமது வாசகர்களிடையே நிறையப் பேர் உள்ளனர். பிரதேச சபை சந்தையைக் கேள்வி கோரிக் குத்தகைக்கு விடுவதையும் நாம் அறிவோம். கூடிய தொகை கேட்டவருக்குச் சந்தை போகிறது. சபைக்கு வருமானம் முன்கூட்டியே உறுதியாகிறது, வரி அறவிட ஆள் வைக்கும் தொல்லையும் நீங்குகிறது. குத்தகைக்காரர் தாம் கட்டிய பணத்தை மீட்பதற்குக் கடகத்துக்கும் மூட்டைக்கும் அறவிடுகிறார். கூரை ஒழுகினால் சபையிடம் கேளுங்கள் என்கிறார். சபைக்குப் போனால் குத்தகைக்காரரிடம் கேளுங்கள் என்கிறார்கள். இடையில் நனைவது வெங்காயம்.

அரசுக்குச் சொந்தமான சிறு படகுத் துறைமுகம் ஒன்றைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும்போதும் அடிப்படையில் நடப்பது இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சந்தைக் குத்தகை பிழைத்தால் அடுத்த கேள்வியில் திருத்திக்கொள்ளலாம். துறைமுகத்தை எடுப்பவர் கட்டடம் கட்டவும் இயந்திரம் வாங்கவும் முதலிட வேண்டியிருப்பதால் நீண்ட காலம் கேட்பார். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் அரச காணியை 65 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விடச் சட்டம் இடமளிக்கிறது. 65 ஆண்டு என்பது பேரப்பிள்ளைகளின் காலம்.

கமக்காரருக்குத் துறைமுகத்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். எமது கரையோரக் கிராமங்களில் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் அடுத்தடுத்த ஒழுங்கைகளில் வாழ்ந்தவர்கள். ஒரே நாளில் இடம்பெயர்ந்தவர்கள். திரும்பிப் போகும்போதும் ஒரே ஊருக்கே போகவேண்டியவர்கள். துறைமுகத்தில் செய்யப்படும் வேலை வயலுக்கும் வரக்கூடும். அதைப் பின்னர் பார்ப்போம்.

இலங்கையில் மீன்பிடித் துறைமுகங்களை நடத்துவதற்காக 1972இல் இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. ஒரு துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர், இறங்குதுறை, ஏலக்கூடம், ஐஸ் ஆலை, எரிபொருள் நிலையம், தண்ணீர், வலை திருத்தும் மண்டபம், படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றும் சாய்தளம் முதலியன இருக்கும். இவற்றுள் சில பணம் தருபவை, சில பணத்தை விழுங்குபவை. ஐஸ், எரிபொருள், கடை வாடகை, வாகன நுழைவுக் கட்டணம் என்பன வருமானம் தரும். அலைதடுப்புச் சுவரும் வானும் செலவு மட்டுமே வைக்கும். கருத்துள்ள வியாபாரி எவரும் முதலாவது வகையைக் கேட்டு, இரண்டாவது வகையை அரசிடமே விட்டுவிட விரும்புவார். அதற்காக அவரைக் குறை கூற முடியாது. அவ்வாறு பிரித்துக் கொடுக்கும் அதிகாரியைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அரசு ஏன் குத்தகையை நாடுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துறைமுகக் கட்டணம் குறைவாகவே வைக்கப்படுகிறது, அதையும் எல்லாரும் கட்டுவதில்லை. கட்டணத்தை உயர்த்த எந்த அமைச்சரும் விரும்புவதில்லை. பழுதான மின்விளக்கு மாதக்கணக்கில் பழுதாகவே கிடக்கும். இவை கட்டிச்சொன்ன குறைகள் அல்ல. ஐஸ் ஆலை, சிற்றுண்டிச்சாலை போன்ற தனித்தனி வசதிகளைத் தனியார் நடத்துவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. முழுத் துறைமுகத்தையும், அதன் நுழைவாயிலையும் கட்டண அதிகாரத்தையும் சேர்த்து ஒருவர் கையில் கொடுக்கும்போதே விடயம் பாரதூரமாகிறது.

முதலில் மணலைப் பற்றிப் பார்ப்போம். கடற்கரை வழியே மணல் ஓயாது நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் குறுக்கே சுவர் கட்டினால் ஒரு பக்கத்தில் மணல் சேரும், மறுபக்கத்தில் கரை அரிக்கும். தெற்கே கிரிந்தவில் 1980களில் ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட மீன்பிடித் துறைமுகம் விரைவிலேயே மணலால் மூடப்பட்டு, திரும்பத் திரும்பத் தோண்டவேண்டியதாயிற்று. கிழக்கே அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் டென்மார்க் கடனுதவியுடன் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் நுழைவாயிலை மணல் அடைத்தது. சுவருக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கமாகக் கரை அரிக்கப்பட்டு, தென்னந்தோட்டங்களும் காணிகளும் கடலுக்குள் போயின. படகு போக வாயைத் தோண்டச் சொல்லி மீனவர்கள் குரல் எழுப்பினர். காணி போனவர்கள் முதலில் எங்கள் கரையைக் காப்பாற்றுங்கள் என்றனர். இரு பகுதியாரின் கோரிக்கையும் நியாயமானதே. அரசே நடத்திய துறைமுகத்தில் இவ்வாறு நடந்தது. குத்தகைக்காரர் ஒருவர் இருந்திருந்தால் அவருடைய பொறுப்பு வேலியோடு முடிந்திருக்கும். வேலிக்கு வெளியே தென்னை விழுந்தால் யாரிடம் போவது? ஒப்பந்தத்தில் அது எழுதப்படாவிட்டால் எவரிடமும் போக முடியாது.

இனி இத்துறையில் வேறு இரு நாடுகளின் அனுபவத்தைப் பார்ப்போம்.

ஹவாயில் சிறு படகுத் துறைமுகங்கள் மாநில அரசின் காணி, இயற்கை வளத் திணைக்களத்தின் கீழ் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது ஹொனலுலு நகரின் வைக்கிக்கிக் கரையில் உள்ள அலா வாய். ஏறத்தாழ 700 படகுகள் கட்ட இடமுள்ள துறைமுகம் அது. உல்லாச விடுதிகளின் நடுவே இருப்பதால் அந்த நிலத்தின் மதிப்பு மிக அதிகம். அங்கே படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் முற்றமும் எரிபொருள் நிலையமும் இருந்த பகுதியைப் புதுப்பிக்க 2000களின் பிற்பகுதியில் ஒரு நிறுவனம் தெரிவுசெய்யப்பட்டது. அதன் திட்டத்தில் கடைகளும், வெளிநாட்டிலிருந்து வரும் மணமக்களுக்கான திருமண மண்டபங்களும் இருந்தன. பழுதுபார்க்கும் முற்றம் மூடப்பட்டது. பணம் திரட்ட முடியாமல் வேலை இழுபட்டது, வாடகை நிலுவையாயிற்று. 2010களின் நடுப்பகுதியில் குத்தகை ரத்துச் செய்யப்பட்டது. நிறுவனம் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி வங்குரோத்து நீதிமன்றத்துக்குப் போனது. திருமண மண்டபமும் வரவில்லை, பழைய முற்றமும் இல்லை. அடைத்த வேலிக்குள் நிலம் வெறுமையாகக் கிடக்க, படகுக்காரர் பழுதுபார்க்க வேறு துறைமுகம் தேடவேண்டியதாயிற்று.

அந்த நிறுவனம் தீய எண்ணத்துடன் வந்தது என்று நாம் கூறவில்லை. புதியது கட்டி முடியும்வரை பழையது நடக்கவேண்டும் என்ற நிபந்தனையின் அருமையே இங்கு கவனிக்கத்தக்கது. நிலத்தின் விலை ஏற ஏற, மீன்பிடிப் படகு அங்கே வேண்டாத விருந்தாளியாகிவிடும். எமது நாட்டிலும் மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து திமிங்கிலம் பார்க்கும் உல்லாசப் படகுகள் போகத் தொடங்கிப் பல ஆண்டுகளாகின்றன. இரண்டும் ஒரு துறையில் இருக்கலாம், ஆனால் எதற்கு முதலிடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கனடா வேறு வழியில் சென்றது. அங்கே மத்திய அரசின் மீன்பிடித் திணைக்களத்திடம் நூற்றுக்கணக்கான சிறு துறைமுகங்கள் இருக்கின்றன. 1987இல் துறைமுக அதிகாரசபைகள் என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பெயர் பெரிதாக இருந்தாலும், இது அவ்வூர் மீனவர்களும் மற்றப் பாவனையாளரும் சேர்ந்து அமைக்கும் இலாப நோக்கற்ற சங்கமே. துறைமுகம் பெயரளவுத் தொகைக்கு அச்சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. கட்டணத்தை நிர்ணயித்து அறவிடுவது, இடம் ஒதுக்குவது, விளக்குப் போடுவது, குப்பை அகற்றுவது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கடலடி தோண்டல், இறங்குதுறையைத் திரும்பக் கட்டுதல் போன்ற பெரும் செலவுகள் பெரும்பாலும் திணைக்களத்திடமே இருக்கின்றன. துறைமுகம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நூற்றுக்கணக்கான சங்கங்கள் இவ்வாறு இயங்குகின்றன, ஆயிரக்கணக்கானோர் சம்பளமின்றி உழைக்கின்றனர்.

இம்முறையிலும் குறை உண்டு. தொண்டர்கள் முதுமையடைகின்றனர், இளைஞர் முன்வருவது குறைவு. சிறிய ஊரின் கட்டணம் கணக்கு எழுதுபவரின் செலவுக்கே போதாது. அத்துடன், 1995 முதல் உல்லாசப் படகுத் துறைமுகங்களையும் பாவனை குறைந்தவற்றையும் கனடா கைமாற்றத் தொடங்கியது. பெயரளவு விலைக்குப் பெற்றவர் குறைந்தது 5 ஆண்டுகள் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஆறாவது ஆண்டைப் பற்றி அக்கரையில் வாழ்பவர் யோசிக்கத்தான் வேண்டும். என்றாலும் எமது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சமாசங்களுக்கும் ஏற்ற முன்மாதிரி கனடாவினதே என்பது எமது எண்ணம். குத்தகை என்றவுடன் கொழும்பிலிருந்து வரும் கம்பனியைத்தான் நினைக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது எமது வாசகர்களுக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருவோம். மயிலிட்டி, வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது கடற்றொழிலாளரும் செம்மண் தோட்டக்காரரும் ஒன்றாகவே வெளியேறினர். துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. இடையில் 27 ஆண்டுகள். 2019 ஓகஸ்டில் புனரமைப்பின் முதற்பகுதி திறந்துவைக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்ட வேலை தொடங்கிவைக்கப்பட்டது. வலிகாமம் வடக்கில் தோட்டக் காணிகளின் ஒரு பகுதி 2025இலும் விடுவிக்கப்படாதிருந்தது. அரசின் கையில் இருப்பதால் மட்டும் மீனவருக்கு இடம் கிடைத்துவிடும் என்றும் சொல்லமுடியாது. எல்லை தாண்டிப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகளை அங்கே கட்டிவைத்ததால் தமது படகுகளுக்கு இடமில்லை என்று உள்ளூர்த் தொழிலாளர் முறையிட்டதுண்டு.

அந்த 27 ஆண்டுகளில் எவரேனும் அத்துறையைக் குத்தகைக்குக் கேட்டிருந்தால், ஆட்சேபிக்க ஊரில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தாலும் வாசிக்க ஆள் இல்லை. இடம்பெயர்ந்தோருக்குக் குத்தகையில் உள்ள தனி ஆபத்து இதுதான். ஒப்பந்தங்கள் தற்போதைய பாவனையாளருக்கு முன்னுரிமை என்று எழுதப்படுவது வழக்கம். கேட்க நியாயமான வசனம்தான். ஆனால் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருக்கும் குடும்பம் தற்போதைய பாவனையாளர் அல்ல. இடம்பெயர்வதற்கு முன்னர் சங்கத்தில் அங்கத்தவராக இருந்தவரும் அவரது பிள்ளைகளும் என்று ஒரு வரி சேர்ந்தால் அக்குடும்பத்தின் இடம் காக்கப்படும். பழைய அங்கத்தவர் அட்டை, படகுப் பதிவு, கடன் சிட்டை எதுவாயினும் பத்திரப்படுத்தி வைப்பது நன்று. சந்தைக்கும் விதை களஞ்சியத்துக்கும் நெற் களஞ்சியத்துக்கும் இதே விதி பொருந்தும்.

உங்கள் பகுதியில் துறைமுகமோ இறங்குதுறையோ குத்தகைக்குப் போவதாகக் கேள்விப்பட்டால், வதந்தியை நம்பி ஊர்வலம் போவதற்கு முன் பத்திரத்தைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வர்த்தக இரகசியம் என்று மறுக்கக்கூடும். அப்போது முதலில் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடமும், பின்னர் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். விண்ணப்பத்தில் குத்தகை ஒப்பந்தம் என்று மட்டும் எழுதினால் போதாது. எல்லை காட்டும் வரைபடம், கட்டண அட்டவணை, வான் தோண்டும் பொறுப்பு யாருடையது என்ற பிரிவு, இடைநடுவில் குத்தகைக்காரர் விட்டுப்போனால் பிணைப்பணம் எவ்வளவு என்ற பிரிவு, கரையரிப்புப் பற்றிய அறிக்கை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு பிரதியையும், ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.