முதல் கார் வாங்குறீங்களா? இன்சூரன்ஸில் உங்க வயசைவிட ‘சிசி’தான் முக்கியம்!

சம்பளத்தில் முதல் கார் புக் பண்றீங்களா? கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் பிரீமியம் உங்க வயதைப் பார்ப்பதில்லை. காரின் இன்ஜின் சிசியைத்தான் பார்க்கிறது.

2022 ஜூனில் அமலான கட்டணப்படி, சொந்தப் பயன்பாட்டு கார்களுக்கு ஆண்டுக்கு (ஜிஎஸ்டி தனி):

• 1,000 சிசி வரை: ரூ.2,094
• 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை: ரூ.3,416
• 1,500 சிசிக்கு மேல்: ரூ.7,897

புது கார் என்றால் 3 வருஷத்துக்கு மொத்தமா கட்டணும். வேகன் ஆரையே எடுத்துக்கோங்க. 998 சிசி மாடலுக்கு ரூ.6,521; 1,197 சிசி மாடலுக்கு ரூ.10,640. கார் பெயர் ஒன்றுதான், வித்தியாசம் ரூ.4,119!

இன்னொரு வகைப்பாடும் இருக்கு. வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டி விபத்தானால், கார் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பார்ட் டைமா சவாரி எடுக்கும் ஐடியா இருந்தா, முதலில் மஞ்சள் போர்டுக்கு மாத்துங்க. பாலிசியையும் சேர்த்து மாத்துங்க.