கோப்பி இலையில் ஒரு மஞ்சள் பொட்டு

உங்கள் லயத்துக்குப் பின்னால், வாழைக்கும் கொய்யாவுக்கும் நடுவே, கோப்பி மரம் ஏதும் நிற்கிறதா? அட்டன், தலவாக்கலைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, தாழ்ந்த கிளையில் முற்றிய இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொட்டுப் பொட்டாக மாவு படிந்திருக்கலாம். தேய்த்துப் பார்த்தால் மஞ்சள் தூளைத் தொட்டதுபோல விரலில் ஒட்டிக்கொள்ளும்.

இரும்பில் பிடிக்கும் துரு மாதிரி இருப்பதால் இதற்குத் துரு நோய் என்று பெயர். ஆனால் இந்தத் துருவுக்கு உயிர் உண்டு. இது ஒரு பங்கசு; அந்த மாவு அதன் வித்திகள். ஒரு வித்தியின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூற்றில் மூன்று பங்குதான். நுணுக்குக்காட்டியில் தோடம்பழச் சுளைபோலத் தெரியும், ஒரு பக்கம் வழுவழுப்பு, மறு பக்கம் முள் முள்ளாக. அதனால்தான் விஞ்ஞானிகள் ‘ஹெமிலியா’, அதாவது பாதி வழுவழுப்பு, என்று பெயர் வைத்தார்கள். கூடவே ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்றும் சேர்த்தார்கள். அதற்கு ‘நாசக்காரி’ என்று பொருள். தோட்டத்துத் துரைமாருக்கு இந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ‘நாசக்கார எமிலி’ என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள்!

நீங்கள் இன்று இந்த மலையில் பிறந்து வளர்வதில் அந்த எமிலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

150 வருடங்களுக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பிதான் ராஜா. 1869இல் மடுல்சீமையில் இலைகளில் மஞ்சள் பொட்டுத் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்ற பங்கசு நிபுணர் அது புது இனம் என்று அறிவித்தார். அப்போது யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. பத்து வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாக இலை கொட்டியது.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் காரணம் தேடி வந்தார். வித்தி ஈர இலையில் விழுந்தால் முளைக்கும். முளை இலைவாய் வழியாக உள்ளே நுழையும் என்று கண்டார். கோப்பி இலைக்கு இலைவாய் அடிப்புறத்தில்தான். நீங்கள் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்ததும் அதனால்தான். பிசுபிசுப்பான கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, பறந்துவந்த வித்திகளையும் பிடித்துக் காட்டினார். ஒரே செடியை மலை மலையாக, இடையில் காடே இல்லாமல் நட்டால் காற்றுக்கு வேலை சுலபம். மருந்து கேட்டுக் காத்திருந்த துரைமாருக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். பாவம், அவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும்!

பிரேசில் கோப்பியின் போட்டியும் சேர்ந்துகொள்ள, இங்கே கோப்பி படுத்துவிட்டது. சிலர் சிங்கோனா நட்டார்கள். காய்ச்சல் மருந்தான குயினைன் அதன் பட்டையில் இருக்கிறது. எல்லாரும் அதையே நட்டதும் விலை விழுந்தது. அப்புறம்தான் தேயிலை. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் அதை நட்டு வைத்திருந்தார்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கு அந்த வரிக்கு அடியில் இருப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. கோப்பியில் நமக்கு வேண்டியது பழம். அது வருடத்தில் ஒரு காலத்தில்தான் பழுக்கும். அதனால் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்து ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள், படகேறி மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வழியிலேயே நோயில் விழுந்து இறந்தவர்கள் ஏராளம்.

தேயிலையில் வேண்டியதோ கொழுந்து. நுனியில் இருக்கும் முனையரும்பு ஒட்சின் என்ற ஓமோனைச் சுரந்து, கீழே உள்ள கக்கவரும்புகளை ‘சும்மா இரு’ என்று அடக்கி வைக்கும். நுனியைக் கிள்ளியதும் அதட்ட ஆள் இல்லை. அடங்கிக் கிடந்த அரும்புகள் கிளம்பிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி கொழுந்து.

இதே செடி அசாமில் குளிர்காலத்தில் உறங்கிவிடும். ஜப்பானிலும் அப்படித்தான். நாம் இருப்பதோ பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகைதான் வடக்கே. மார்கழியிலும் பகல் அவ்வளவாகச் சுருங்காது. நுவரெலியாவில் பல் கிட்டித்தாலும் செடியை உறங்க வைக்க அந்தக் குளிர் போதாது. ஆக, பன்னிரண்டு மாதமும் கொழுந்து உண்டு. பறித்ததைச் சேர்த்து வைக்கவும் முடியாது. மடுவத்தில் நிறுத்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும்.

அப்படியானால் பறிக்கிறவர் எப்போது ஊருக்குப் போவார்? லயம் கோப்பிக் காலத்திலும் இருந்தது. ஆனால் தேயிலை வந்த பிறகுதான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் அதில் நிலைத்தன. கூடை பெண்களின் முதுகுக்கு ஏறியது. மாரியம்மன் கோயில் திருவிழாவும் காமன் கூத்தும் வருடம் தவறாமல் இங்கேயே நடக்கத் தொடங்கின. 1884இல் அட்டனுக்கு ரயில் வந்தபோது, அது ஏற்றிக்கொண்டு போக மலையில் தேயிலை இருந்தது. வழியனுப்ப ஆட்களும் இருந்தார்கள்.

பங்கசு அதோடு நம்மை விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். 1946இல் தேயிலைக்கே ஒரு பங்கசு வந்து சேர்ந்தது. கொப்புள நோய். மூடுபனி நாளில் இளங்கொழுந்தில் கண்ணாடிபோலப் பொட்டு விழுந்து, பிறகு கொப்புளமாக வீங்கும். முற்றிய இலையை அது தொடாது. அதற்கும் ருசி தெரியும்போல!

வார்ட் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, துரு பிடித்த கோப்பி மரத்துக்குப் பக்கத்தில், காற்று வரும் பக்கம் பார்த்துக் கட்டிவிடுங்கள். மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வையுங்கள். தூசி, பூச்சி இறகு, எதெதுவோ தெரியும். அதற்கு நடுவில் பாதி வழுவழுப்பாக, பாதி முள்ளாக ஒரு சுளை தெரிகிறதா என்று தேடுங்கள்.